இந்தப் பதிவு ஏற்கெனவே உள்ளது

எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து இறந்துபோயின. இரண்டு பேருக்கும் ஒரே பெயர். முதல் குழந்தை போனபின் அடுத்துப் பிறந்தவளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அவளும் தங்கவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து இடுகாட்டில் பச்சைப் பிள்ளைகளைப் புதைக்கும் மூலையில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள். போன வருஷம் வரை இது எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு அக்கா இருந்து இறந்தாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பேச்சு அப்படி. எப்போதும் ஒருமையில்தான். நான் பாத்திரத்தைக் கழுவாமல் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தால், "உங்கக்கா இருந்திருந்தா எனக்கு ஒரு கை ஒத்தாசையா இருந்திருக்கும்" என்பார் அம்மா. தீபாவளிக்கு முதல் நாள் படையலில், செத்துப்போன பெரியவர்களுக்கு வேட்டி புடவை வைக்கும்போது ஒரு சின்னக் கவுனும் வைப்பார். ரிப்பன், கண்ணாடி வளையல், முகப் பவுடர். ஒரே ஒரு கவுன்தான். படையல் முடிந்ததும் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுவார். எனக்குத் தரமாட்டார். சிறு வயதில் அதற்காக நான் தரையில் விழுந்து புரண்டு அழுதிருக்கிறேன். ஒரு அறை கிடைக்குமே தவிர கவுன் கிடைக்காது.

என்னைத் தவிட்டுக்கு வாங்கினார்கள். பிள்ளை தங்காத வீடுகளில் நடக்கிற சங்கதிதான். பிறந்ததும் குப்பையில் போட்டு எடுத்து, மூக்கைக் குத்தி, வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, விலைக்கு வந்த பிள்ளை என்று எமன் நினைத்துக்கொண்டு போய்விடுவானாம். நான் போய்வந்தது சாலை முனையில் கடை வைத்திருந்த சீன அம்மாவிடம். ஒரு பொழுது முழுக்க என்னை மாவு மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தாராம். எனக்கு வைத்த பெயரும் அந்தத் தவிட்டிலிருந்து வந்ததுதான். அதை இங்கே எழுதப்போவதில்லை. தமிழ்ப்பள்ளியில் பட்ட பாடு போதும்.

இதை வீட்டில் சிரிப்புக் கதையாகவே சொல்வார்கள். நானும் சிரிப்பேன். இவ்வளவு தூரம் ஏன் பயந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தோட்டம் மலேசியாவில், கோலா சிலாங்கூர் பக்கம். அம்மா அங்கே பால்மரம் வெட்டினார், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. பிறகு பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள், நாங்களும் ரவாங் டவுனுக்கு வந்துவிட்டோம். அப்பா இங்கே வந்த பிறகுதான் காலமானார். நான் ரவாங்கிலேயே ஒரு மென்பொருள் அலுவலகத்தில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறார், முட்டி வலியோடும் கைப்பேசியோடும்.

போன வருஷம் தோட்டத்தை வீடமைப்புத் திட்டத்துக்கு விற்றுவிட்டார்கள். இடுகாடு இருக்கும் இடத்தில் சாலை வருகிறது. பெரிய பாரிட் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் தருகிறோம், குழிகளைத் தோண்டி அங்கே மாற்றிக்கொள்ளுங்கள், தோண்டுகிற செலவும் எங்களுடையது என்று வாங்கிய கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் எது யாருடைய குழி என்று அடையாளம் காட்டுவது எங்கள் பொறுப்பு. அடையாளம் காட்டாத இடம் காலி நிலம். அதை மண்வாரி இயந்திரம் வழித்துவிடும்.

கல் நட்ட குழிகள் சொற்பம். மற்றதெல்லாம் ஒரு குரோட்டன் செடி, நாலு செங்கல், தலைகீழாகப் புதைத்த சோடாப் புட்டி, அவ்வளவுதான். பழைய ஆட்கள் சேர்ந்து ஒரு குழு போட்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், சில கதவு தள்ளிக் குடியிருந்தவர், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், செயலாளர் ஆனார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர்தான் எனக்குப் போன் போட்டார்.

"நீ கம்பியூட்டர்லதானே வேல செய்யிறே? நம்ம ஆளுங்க கிள்ளான்ல ஒருத்தன், ஜொகூர்ல ஒருத்தன்னு செதறிக் கெடக்குறானுங்க. எல்லாரும் போன்லயே பதியிற மாதிரி ஒன்னு செஞ்சு குடு லா."

செய்து கொடுத்தேன். கிளவுட்டில் ஒரு டேட்டாபேஸ், முன்னால் ஒரு எளிய பக்கம், இறந்தவரைப் பற்றி நாலைந்து கட்டங்கள். யார் எங்கிருந்து பதிந்தாலும் ஒரே இடத்தில் வந்து சேரும். அதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலைவலி எல்லாம் கீயில்தான் வந்தது.

கீ என்றால் ஒரு பதிவுக்கு உரிய அடையாளம். வேறு எந்தப் பதிவுக்கும் அது இருக்கக் கூடாது. கல்யாண வீட்டுக்கு இரவல் போகிற அண்டா குண்டானில் பெயர் வெட்டி வைப்பார்களே, அந்த மாதிரி. எந்த அண்டா எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதில் சண்டை வரக் கூடாது. உயிரோடு இருப்பவர்களுக்கு அடையாளக் கார்டு எண் உண்டு. இங்கே புதைந்து கிடப்பவர்களில் பல பேருக்கு அது கிடையாது. குடியுரிமை கிடைக்காமல் சிவப்புக் கார்டோடு செத்தவர்கள், கார்டே கிடைக்காமல் செத்தவர்கள், பிறப்புப் பத்திரம் எடுப்பதற்குள் செத்துப்போன பிள்ளைகள்.

இன்னொரு வழி, கீயைக் கம்பியூட்டரிடமே விட்டுவிடுவது. எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒன்றை உருட்டிப் போடும். யாருக்கும் அது எதையும் சொல்லாது, ஆனால் இரண்டு பதிவுக்கு ஒரே கீ என்ற பேச்சுக்கே இடமில்லை. முதலில் அதைத்தான் செய்தேன். திறந்துவிட்ட சில நாளிலேயே குழு தலையில் அடித்துக்கொண்டது. ஒரு தாத்தாவுக்கு எட்டுப் பிள்ளைகள் என்றால் எட்டுப் பேரும் தனித்தனியாகப் பதிந்திருந்தார்கள். ஒருவர் பதிந்ததை இன்னொருவரிடம் சொல்வதில்லை. பாதி வீடுகளில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தையே இல்லை, எங்கிருந்து சொல்வது? இறந்தவர் பெயர் என்று கேட்ட கட்டத்தில் "எங்கப்பா" என்று எழுதியவர்கள் இருந்தார்கள். ஒரு அம்மா தன் கணவர் பெயரை எழுத மனமில்லாமல் "அவுங்க" என்று எழுதியிருந்தார்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தேத்தண்ணியும் வடையும் வைத்துக்கொண்டு எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரு பொணத்துக்கு எட்டுக் குழி எங்கம்மா தோண்டுறது?" என்றார் மாமா. "ஒரு ஆளுக்கு ஒரு பதிவுதான். ரெண்டாவதா எவன் வந்தாலும் வேணாம்னு சொல்லிடணும்."

அதனால் கீயை எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களிலிருந்தே கட்டினேன். இறந்தவர் பெயர், அவருடைய அப்பா பெயர், தோட்டத்தில் எந்த டிவிசன். மூன்றையும் ஒட்டி ஒன்றாக்கினால் அதுதான் கீ. எட்டுப் பிள்ளைகளும் ஒரே கீயைத்தான் கொண்டுவருவார்கள், முதலில் வந்தவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. இறந்த தேதியையும் சேர்க்கலாமே என்று அலுவலகத்தில் ஒரு தோழி கேட்டாள். யாருக்கு ஞாபகம் இருக்கிறது? தைப்பூசத்துக்கு முந்தி, வெள்ளம் வந்த வருஷம், இப்படித்தான் சொல்வார்கள். எட்டுப் பிள்ளைகளும் எட்டுத் தேதி சொன்னால் திரும்ப எட்டுக் குழி.

கூட்டத்தில் ஒருவர் கேட்கத்தான் செய்தார், ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன பண்ணுவாய் என்று. "இருக்கட்டும் அங்கிள், அப்பா பேரு வேறயா இருக்குமே," என்றேன். "ஒரே டிவிசன்ல, ஒரே அப்பாவுக்கு, ஒரே பேருல ரெண்டு புள்ளையா? எந்த அப்பன் அப்படிப் பேரு வப்பான்?" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மா அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை.

அதே கீயோடு இரண்டாவது பதிவு வந்தால் கிளவுட் ஏற்காது. ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு பிழைச் செய்தி வந்துகொண்டிருந்தது. "நம்ம ஆளுங்க பயந்துடுவாங்கம்மா, தமிழ்ல பதமா எதாச்சும் போடு," என்றார் மாமா. நான் உட்கார்ந்து யோசித்து எழுதினேன்: "இந்தப் பதிவு ஏற்கெனவே உள்ளது. மீண்டும் பதிய வேண்டியதில்லை. நன்றி." பச்சை நிறத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு சரி அடையாளமும் வைத்தேன். அலுவலகத்தில் இரண்டு பேரிடம் அதைக் காட்டிப் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

அம்மாவுக்கும் வாட்ஸ்அப் புலனத்தில் இணைப்பை அனுப்பினேன். அக்காவை நானே பதிந்துவிடுகிறேன் என்றேன்.

"நீ வேணாம். நான் போட்டுக்கிறேன்."

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். கைப்பேசியில் தமிழ் தட்டுவதில் என்னைவிட வேகம். ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது சோபாவில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி கையில் இருந்தது.

"போட்டுட்டேன்," என்றார்.

"ஒழுங்கா போச்சா?"

"போச்சு. அப்பறம் ஏற்கெனவே இருக்குன்னு வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு தடவ அமுக்கியிருப்பம்மா, அதான்."

அம்மா மூக்குக் கண்ணாடியை மடித்தார். "அப்படியா இருக்கும்," என்றார். பிறகு, "பசியாறலையா நீ?" என்று கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

குழிகளுக்குக் குச்சி நட்டு எண் கட்டிய வாரத்தில் அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. நடக்க முடியவில்லை. எனக்கும் அலுவலகத்தில் தலைபோகிற வேலை. மாமாவே போய் நட்டுவிட்டுப் படம் அனுப்பினார். "உங்கக்காவுக்கும் நட்டாச்சு" என்று கீழே எழுதியிருந்தார். பிள்ளைகள் மூலையில் இரண்டு செங்கல் தெரிந்த இடமாகப் பார்த்து நட்டாராம். படத்தில் ஒரு குச்சி, சுற்றிலும் புல், வெட்டிப்போட்ட செம்பனை மட்டை. அம்மாவிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, ஓரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"மத்த குச்சியெல்லாம் எங்க?"

"அதெல்லாம் வேற படத்துல இருக்கும்மா. எல்லாத்தையும் ஒரே படத்துலயா எடுப்பாங்க?"

சும்மா கேட்டதற்கு நான் எரிந்து விழுந்தேன் என்று எனக்கே தெரிந்தது. அம்மா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

தோண்டும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கொட்டகை போட்டு, நாற்காலி அடுக்கி, ஒரு பக்கம் சடங்கு செய்கிற பண்டாரம் புதுச் சட்டிகளை வரிசையாக வைத்திருந்தார். பெரியவர்கள் குழியில் எலும்பு கிடைத்தால் எடுத்துப் பால் தெளித்து வெள்ளைத் துணியில் சுற்றிச் சட்டியில் வைப்பார்கள். பச்சைப் பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துச் சட்டியில் போட்டு மூடி, அதுதான் பிள்ளை என்று கொண்டுபோக வேண்டும். அம்மா அதற்காகப் புது வெள்ளைத் துணி வாங்கி, மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, மடித்து எடுத்து வந்திருந்தார். அந்தத் துணி ஒன்றா இரண்டா என்று நான் அப்போது பார்க்கவில்லை.

பிள்ளைகள் மூலைக்குப் போனோம். குச்சி இல்லாத பக்கத்தை இயந்திரம் முந்தின நாளே வழித்திருந்தது. புல்லும் வேரும் சிவப்பு மண்ணும் கலந்து ஒரு மேடாகக் கிடந்தது. அந்த மேட்டின் விளிம்பில், எங்கள் குச்சிக்குச் சற்றுத் தள்ளி, தரை வெறுமையாக இருந்தது.

அம்மா குச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கும்பிடவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இன்னொன்னு எங்க?"

"எது இன்னொன்னு?"

"இன்னொரு குச்சி. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதானே இருந்தாங்க."

"யாரும்மா ரெண்டு பேரு?"

"உனக்கு மூத்தவளுங்க," என்றார் அம்மா. கடையில் சாமான் பெயர் சொல்வது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தெரியாது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

நான் கத்தினேன். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "ஏம்மா சொல்லல? இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"என்னத்தச் சொல்றது?" என்றார் அம்மா. "மூத்தவ போனா. அடுத்தவ பொறந்தப்ப தொடையில அதே எடத்துல அதே மச்சம். போனவளே திரும்பி வந்துட்டான்னு லயமே சொல்லிச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன். அதான் அதே பேர வச்சோம். அவளும் போயிட்டா. உங்கப்பா சொல்லிட்டாரு, ஒருத்திதான் ரெண்டு தடவ வந்து ஏமாத்திட்டுப் போயிட்டான்னு. நானும் அப்படியே வச்சுக்கிட்டேன். ஒருத்திக்கு அழுவலாம். ரெண்டு பேருக்கு அழுதா நான் எப்படித் தாங்குறது? அப்பறம் நீ பொறந்தே. உனக்கு அந்த மச்சம் இல்ல."

"சரி, பதியிறப்பயாச்சும் என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"ரெண்டு பேரையும்தான் போட்டேன். நான் என்னா நெனச்சா என்னா, குழி ரெண்டு இருக்கே. மூத்தவளப் போட்டேன், போச்சு. எளையவளப் போட்டேன், ஏற்கெனவே இருக்குன்னு வந்துச்சு. திரும்பப் போட்டேன். அதேதான் வந்துச்சு. உங்கிட்டயும் சொன்னேன். நீ சிரிச்சே." அம்மா என் முகத்தைப் பார்க்காமல் குச்சியைப் பார்த்தார். "நீ செஞ்சதுதானே, தப்பாவா சொல்லும்னு விட்டுட்டேன். கம்பியூட்டருக்கும் ஒருத்தின்னுதான் தெரியுது போலன்னு இருந்துட்டேன்."

நான் மாமாவிடம் ஓடினேன். அவர் கைப்பேசியைத் திறந்து நீட்டினார். "ஒன்னுதாம்மா இருக்கு, நீயே பாரு. நான் என்னா பண்ணுவேன்?" அவர் மேலும் பாய்ந்தேன். பிள்ளைகள் மூலை என்று தெரிந்தும் ஏன் வழிக்க விட்டீர்கள் என்றேன். பிறகு இயந்திரக்காரரிடம் போனேன். இந்தோனேசியர். மலாயில் பொறுமையாகப் பதில் சொன்னார்: குச்சி இல்லை, அதனால் காலி இடம். அதையேதான் அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மனிதர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். மாமா கேட்டது ஒரு ஆளுக்கு ஒரு பதிவு. நான் செய்து கொடுத்தது ஒரு பெயருக்கு ஒரு பதிவு. அந்த வித்தியாசம் அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க முடியும்.

சில நாள் கழித்து லாக்கை, வந்துபோனதையெல்லாம் குறித்துவைக்கும் கோப்பை, திறந்து பார்த்தேன். கிளவுட் திருப்பி அனுப்பிய பதிவுகளும் அதில் தங்கியிருக்கும். பெரும்பாலும் ஒரே தாத்தாவுக்குப் பல பிள்ளைகள் போட்டவை. நடுவில் அம்மாவின் எண்ணிலிருந்து வந்தவை அடுத்தடுத்து இருந்தன. அதே பெயர், அதே அப்பா, அதே டிவிசன். பக்கத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன், விரும்பினால் நிரப்பலாம் என்று. கீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்மா ஒவ்வொரு முறையும் அதை நிரப்பியிருந்தார். "இவள் இளையவள். வேறு பிள்ளை." மீதிக் குழிகளுக்கு இப்போது கீயைக் கம்பியூட்டர்தான் உருட்டிப் போடுகிறது. ஒரே மாதிரி இரண்டு வந்தால் குழுவில் ஒருவர் போன் போட்டு, ஒரு ஆளா ரெண்டு ஆளா என்று கேட்கிறார். ஒரு போன், அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த மேடுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மாவின் கையைப் பிடித்து அதன் பக்கத்தில் கூட்டிப்போனேன்.

"இங்கேர்ந்துதானேம்மா வழிச்சிருக்காங்க. இதுலேர்ந்து ஒரு பிடி எடுத்துக்கலாம். அது போதும்."

அம்மா குனிந்து கொஞ்சம் மண்ணை எடுத்து விரலால் பிசைந்து பார்த்தார். ஒரு செம்பனை வேரை உருவித் தூரப் போட்டார். உள்ளங்கையில் ஒரு கருங்கல் சல்லி ஒட்டியிருந்தது.

"இதுல ரோட்டு மண்ணு இருக்கு. பாரிட் மண்ணு இருக்கு. இதுல எங்கேன்னு அவள எடுக்கிறது?" மண்ணைத் திரும்ப அதே இடத்தில் மெதுவாகப் போட்டார், கொட்டவில்லை. "வேணாம், வுடு."

குச்சி இருந்த இடத்தில் ஆட்கள் கொஞ்சம் தோண்டிக் கொடுத்தார்கள். அம்மா ஒரு பிடி எடுத்துச் சட்டியில் போட்டு மூடினார். பைக்குள்ளிருந்து மஞ்சள் துணியை எடுத்துச் சட்டியைச் சுற்றிக் கட்டினார். பைக்குள் இன்னொரு துணி இருந்தது. அதை அப்படியே விட்டுப் பையின் வாயை மூடினார்.

புது நிலத்துக்கு வேனில் கூட்டிப்போனார்கள். பின் இருக்கைகளில் எல்லாரும் மடியில் சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். செம்மண் பாதை, குண்டும் குழியும். அம்மா ஒரு கையால் மூடியைப் பிடித்திருந்தார். வண்டி குதிக்கும்போது மற்ற கையையும் வைத்து அணைத்துக்கொண்டார்.

"இது யாரு?" என்று கேட்டார் அம்மா.

"என்னம்மா?"

"மடியில இருக்கிறது. மூத்தவளா, எளையவளா?"

நான் சட்டியைப் பார்த்தேன்.

"எனக்கு அப்ப பால்மரந்தான் அடையாளம். மூத்தவ மரத்தடியில, எளையவ கொஞ்சம் தள்ளி. இப்ப மரமே இல்ல. குச்சிய அவரு எந்தப் பக்கம் நட்டாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" துணி முடிச்சைத் தளர்த்தித் திரும்ப இறுக்கினார். "மூத்தவளுக்கு என்னைத் தெரியாது. கண்ண முழிச்சுச் சரியாக்கூடப் பாக்கல, போயிட்டா. எளையவ தவழுற வரைக்கும் இருந்தா. நான் வெட்டுக்குப் போயிட்டு வந்தா, மரத்துப் பால் வாடையோட தூக்கக் கூடாதுன்னு குளிக்கப் போவேன். அதுக்குள்ள கதவு வரைக்கும் வந்துடுவா. இவ எளையவளா இருந்தா, என் மடின்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார். "எதையாச்சும் வச்சுக் கண்டுபிடிக்க முடியாதா? நீ அந்த வேலதானே செய்யிறே."

அந்த வேலைதான் செய்கிறேன். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எதையாவது சொல்லி அம்மாவைத் தேற்றியிருக்கலாம். இளையவள்தான் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது. அம்மா சட்டியிலிருந்து ஒரு கையை எடுத்து என் முட்டியில் வைத்தார், பாதையில் அடுத்த பள்ளம் வரும் வரை.

புது நிலத்தில் சின்னச் சின்னக் குழிகளாக வெட்டி வைத்திருந்தார்கள். எங்கள் எண் கட்டிய குழி பாரிட் வாய்க்காலின் கரையோரம். அம்மாவால் குனிய முடியவில்லை. நான் இறங்கிச் சட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். லேசாகத்தான் இருந்தது. பண்டாரம் தண்ணீர் தெளித்துவிட்டு, "புள்ள பேரச் சொல்லிக் கூப்புட்டு மண்ணப் போடுங்கம்மா," என்றார்.

அம்மா குழியைப் பார்த்துப் பெயரைச் சொன்னார். எனக்கே கேட்டும் கேட்காத குரலில் சொன்னார். மண்ணைப் போட்டார். பண்டாரம் அடுத்த குடும்பத்துக்கு நகர்ந்தார்.

நான் கையைக் கழுவ வாய்க்கால் பக்கம் போனேன். திரும்பியபோது அம்மா குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், நிறுத்தியிருந்த இயந்திரமும் அந்த மேடும் தெரிந்தன. அங்கே பார்த்து அம்மா அதே பெயரை இன்னொரு முறை கூப்பிட்டார். இந்த முறை சத்தமாக, வெளியே விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.